பிசிறு

சித்திரை பிறந்ததும் ரவை உதிர ஆரம்பித்துவிட்டாள்.
பாயில், தயிர்ச்சட்டி மூடியில்,
கரண்டு மீட்டர் பெட்டிக்கு மேல்கூட.
அங்கே எப்படி ஏறினாள் என்று கேட்காதீர்கள்.
அவள் ஏறவில்லை, மயிர் ஏறியது.

பொமரேனியன். மூணே முக்கால் கிலோ.
மெர்ச்சன்டைசர் ஒருத்தர் பெங்களூருக்கு மாறிப் போகையில்
அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தது.
பெட்டிமேல் 'மீடியம், 24 பீஸ்' என்று அச்சடித்திருந்தது.

வேலம்பாளையத்து லைன் வீடு.
ஒரு ஜன்னல், ஒரு ஃபேன்.
ஃபேன் போட்டால் வீட்டுக்குள்ளே ஒரு பஞ்சு மில்.
"மொட்டையடிச்சு உட்ருலாம் கனகு,
பழனிக்கு நேந்துட்டதா நெனச்சுக்க"
என்று இவர் தாடி டிரிம்மரைத் தூக்கிக்கொண்டு வர,
டாக்டரம்மா வைதார்:
"அது ரெண்டு சட்டை போட்ட உசுருங்க.
மேல் சட்டை வெயிலைத் தடுக்குது,
உள் சட்டை சூட்டையும் குளிரையும் நிறுத்துது.
வழிச்சீங்கன்னா தோலு வெந்துரும்.
மறுக்கா மொளைச்சாலும் பழையபடி மொளைக்குமான்னு
சொல்ல முடியாதுங்க."
இன்டர்லாக் துணி என்று புரிந்துகொண்டேன்.
பத்தொன்பது வருசம் துணி பிடித்த கை.

அன்றிலிருந்து பொழுதோட எனக்கு அது ஒரு சோலி.
இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணி;
காய்ந்த மயிர் சீப்புக்கு முறிந்துபோகும்.
காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில்
கண்ணுக்குத் தெரியாமல் சிக்கு உட்கார்ந்திருக்கும்.
கத்தரி வேண்டாம். மக்காச்சோள மாவு ஒரு சிட்டிகை,
விரலால் பிரித்து, நுனியிலிருந்து வேருக்கு.
சிக்கெடுத்த பிறகுதான் குளியல்.
மாற்றிச் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஈரம் பட்ட சிக்கு கம்பளியாக இறுகி
அவளும் அழுதாள், நானும்.

சீப்பில் வருவதெல்லாம் அவளுடையதும் அல்ல.
வெள்ளைக்குள் கலர் கலராகப் பஞ்சு.
என் கொண்டையிலும் கொசுவத்திலும் ஒட்டி வருவதை
ராத்திரி மேலே படுத்து வாங்கிக்கொள்கிறாள்.
கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறதென்று
ரவை வாலைப் பார்த்தால் தெரியும்.
போன வாரம் சிவப்பு.
இந்த வாரம் கருநீலம்.

கருநீலம்தான் வினை.
பையரோட ஆள் ஒரு பீஸை விரித்து,
இரண்டு விரலில் எதையோ எடுத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"நூலுங்க சார்" என்றார் சூப்பர்வைசர் சென்னியப்பன்.
நூல் அப்படிச் சுருளாது.
உள்மயிர். இடுப்புக்கு மேலே, இடது பக்கம்,
சனிக்கிழமை தூக்கத்தில் நான் விட்ட இடம்.

"ஆரு ஊட்டுல நாயி?"
மூன்று கைகள் எழுந்தன.
தோட்டத்து நாய்கள், செவலையும் கறுப்பும்.
என் கை மேசைக்கடியில்
மடியிலிருந்த ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் லைனுக்கு ஆளுக்கு ஐம்பது பிடித்தார்கள்.
பதினோரு பேர்.
மறுநாள் டீக்கு எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கினேன்.
"என்ன விசேசமுங்க்கா?"
"ரவைக்குப் பொறந்த நாளு."
ருக்குமணி மட்டும் என் தோளிலிருந்து எதையோ எடுத்து
ஊதிவிட்டு
பன்னைக் கடித்தாள்.

இப்போது கதவு ஆணியில் மாஸ்கிங் டேப் தொங்குகிறது.
ஒட்டும் பக்கம் வெளியே இருக்க உள்ளங்கையில் சுற்றி
தோள், முந்தானை, முதுகு எட்டுகிற வரை
ஒற்றி ஒற்றி எடுத்த பிறகுதான் பஸ்.
ஆனால் அதற்கு முன்னாலேயே
பாஸ் ஆகிப் போன பெட்டிகள் எத்தனையோ.
எங்கோ ஒரு குளிர் தேசத்தில் யாரோ
கழுத்துப்பட்டியில் ஒன்றைப் பிடித்து
வெளிச்சத்தில் பார்த்திருப்பார்கள்.
பார்த்துவிட்டுக் கீழே போட்டிருப்பார்கள்.
அவர்களுக்கு யார் ஐம்பது பிடிக்கப் போகிறார்கள்.

கருநீலம் இன்னும் பத்து நாள் ஓடுமாம்.
ரவை, திரும்புடி.
இந்தப் பக்கம் முடியல.